கிழிக்காதே, குணேஸ்வரி!

டெலிபோன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது...

எடுக்கத்தான் ஆளில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அந்தப் பழைய மாடி வீட்டில், மரப்படிக்கட்டின் அடியில், சிவசம்பு கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தார். கண் திறந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து குதிரைப் பந்தய டிக்கெட் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன் ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது!

அடிப்பது யாரென்று தெரிந்திருந்தால், குணேஸ்வரி அப்போதே உஷாராகியிருப்பாள். அவளுக்குத் தெரியவில்லை. அவள் ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சைபர் கஃபேயில், ஏர்கண்டிஷன் குளிரில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, செத்துப்போன கணவன் பேரில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம்... தள்ளிவிட்டவள் அவள்தான்!

இந்த 1998-ல் கோலாலம்பூர் குதிரைப் பைத்தியங்களுக்குப் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. இன்டர்நெட்! அதுவரை காப்பிக்கடையில் உட்கார்ந்து ஜாக்கியைத் திட்டியவர்கள், இப்போது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திட்டினார்கள். ‘ரேஸ் போர்டு’ என்று ஒரு பக்கம். அதில் ஆளுக்கொரு பட்டப்பெயர். கட்டிய பெண்டாட்டி சொல்வதைக் காதில் வாங்காதவன்கூட, முகம் தெரியாத எவனோ கொடுக்கும் டிப்ஸை நம்பி சம்பளத்தைக் கொண்டுபோய்க் கட்டுவான்.

சிவசம்புவுக்கு அங்கே ‘பிரிக்பீல்ட்ஸ் பாஸ்’ என்று பெயர். பாஸுக்கு டைப் அடிக்க வராது. அவர் சொல்லச் சொல்ல, ஒரு காலத்தில் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த குணேஸ்வரிதான் அடிப்பாள். பாஸ்வேர்டும் அவளுக்கு மனப்பாடம். வீட்டில் ஒரே டெலிபோன் லைன். இன்டர்நெட்டில் நுழைந்தால் போன் எங்கேஜ்டு! கிள்ளானிலிருக்கும் குணேஸ்வரியின் தங்கை சிவமலர் சனிக்கிழமை முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போவாள்.

அன்று மத்தியானம் நடந்தது இதுதான்.

"குணேஸ், திங்கக்கிழமை வீட்டை விக்கிறேன். ஆள் பாத்தாச்சு."

குணேஸ்வரியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எந்த வீட்டை?"

"நமக்கு என்ன பத்து வீடா இருக்கு? இந்த வீட்டைத்தான்!"

"இது எங்கப்பா எனக்குக் குடுத்த சீதனம்!"

"இப்ப என் பேர்லதானே இருக்கு? கோல்டன் பாண்டான்னு ஒரு குதிரை. அதுல பங்கு வாங்கப் போறேன்."

"முழுக் குதிரையா?"

"நாலுல ஒரு பங்கு."

"நாலுல ஒண்ணுன்னா... ஒரு காலு! ஒரு குதிரைக் காலுக்கு எங்கப்பா வீடா?"

பக்கத்து வீட்டு பவுனம்மாளுக்குக் கேட்கும்படி கத்தினாள். சிவசம்பு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாடிப்படியின் உச்சியில் நின்று, பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து ஆட்டினார்.

"இன்னைக்கு அதே குதிரை ஓடுது. ரெண்டாயிரம் வெள்ளி கட்டியிருக்கேன். ஜெயிச்சா வீட்டை விக்கவே வேணாம், அந்தக் காசே போதும்!"

"முப்பது வருஷமா தோத்த மூஞ்சி... இன்னைக்கு மட்டும் ஜெயிக்கப் போகுதாக்கும்!"

அவர் டிக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்.

பின்னாலேயே வந்து நின்ற அவளுடைய இரண்டு கைகளும் முன்னால் போயின.

தடதடதட...!

அப்புறம் சத்தமே இல்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்ததெல்லாம் பயம்தான். சண்டையை பவுனம்மாள் கேட்டிருப்பாள். போலீஸில் சொல்வாள். தூக்குக் கயிறு! ஆனால், சண்டைக்கு அப்புறமும் சிவசம்பு சாயங்காலம் வரை உயிரோடு இருந்ததாகக் காட்டிவிட்டால்? அந்த நேரம் அவள் கிள்ளானில் இருந்தால்?

யோசனை பிரமாதமாக இருந்தது. வாசலில் நின்று, பவுனம்மாளுக்குக் கேட்கட்டும் என்று, "சோறு மூடி வச்சிருக்கேன், சாப்பிடுங்க!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, கிள்ளான் போகும் கொம்யூட்டர் புறநகர் ரயிலில் ஏறினாள்.

சைபர் கஃபேயில் ரேஸ் போர்டைத் திறந்தாள். பைத்தியங்கள் கூட்டமாகக் கூவிக்கொண்டிருந்தன. பெரிய ரேஸ் அப்போதுதான் முடிந்திருந்தது.

‘சிட்டி டாக்டர் ஜெயிச்சாச்சு! மூக்கு வித்தியாசம்! கோல்டன் பாண்டான் ரெண்டாவது!’

தோற்றுவிட்டது. வேறென்ன நடக்கும்? குணேஸ்வரி இகழ்ச்சியாக உதட்டைச் சுழித்தாள். இவர்கள் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜாக்கியைத் திட்ட வேண்டும், விதியைத் திட்ட வேண்டும், டிக்கெட்டைக் கிழிக்க வேண்டும். அவ்வளவுதானே!

‘பிரிக்பீல்ட்ஸ் பாஸ்’ என்ற பேரில் விரல்கள் பறந்தன.

‘ஜாக்கி தூங்கிட்டான்! கடைசி வளைவுல சாட்டையே எடுக்கல! மாட்டு வண்டி ஓட்டத்தான் லாயக்கு! டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டாச்சு. இனிமே குதிரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்!’

அனுப்பினாள். யாரும் பதில் எழுதும் முன்னே வெளியே வந்தாள். தங்கை வீட்டில் டீ குடித்தாள். "அத்தான் எப்படி இருக்காரு?" என்று சிவமலர் கேட்டபோது, "அவருக்கென்ன, சனிக்கிழமை இல்லையா... குதிரைதான்!" என்று அலுத்துக்கொள்ளவும் மறக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பியவள், முதலில் ஒரு வேலையை முடித்தாள். பிணத்தின் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டை உருவி நாலாகக் கிழித்து, கம்ப்யூட்டர் மேஜைக்கடியில் போட்டாள். கம்ப்யூட்டரை ஆன் பண்ணி வைத்தாள்.

அப்புறம்தான்... "ஐயோ!" என்று தெருவே அதிரக் கத்தினாள்.

மறுநாள் காலை. பிணம் ஆஸ்பத்திரியில். வீட்டில் துக்கம் கேட்க வந்த கூட்டம் போய், இரண்டு பேர் மட்டும் மிச்சம். ஒருவர் கனகசபை. ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாக்கிகளின் ஜாதகமே தலைக்குள் வைத்திருப்பவர். இன்னொருவன் ரெங்கசாமி. கிள்ளான் பக்கம் மேருவில் லோரி கம்பெனி வைத்திருப்பவன். இரண்டு பேருமே ரேஸ் போர்டு ஆசாமிகள்.

எதிரே இன்ஸ்பெக்டர் ராதாகிருஷ்ணன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நாலு துண்டு டிக்கெட்.

"அக்கா, பக்கத்து வீட்டம்மா மத்தியானம் சண்டைச் சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றாங்க."

"புருஷன் பொண்டாட்டின்னா சண்டை வராதா, இன்ஸ்பெக்டர்? நான் கெளம்பும்போது நல்லாத்தான் இருந்தாரு. சாயங்காலம்கூட கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதியிருக்காரே!"

"பாத்தேன். ரேஸ் முடிஞ்சதும் எழுதியிருக்காரு. அப்ப நீங்க கிள்ளான்ல. தங்கச்சி வீட்டுல விசாரிச்சாச்சு." இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "தோத்த வருத்தத்துல கால் தவறியிருக்கணும். நான் கெளம்பறேன்."

குணேஸ்வரிக்கு உள்ளே குளிர்ந்தது. முடிந்தது! வீடு அவளுக்குத்தான்! ஜன்னல், கதவு, அப்பா பதித்த தரை... எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

மூலையில் அந்த இரண்டு பேரும் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் என்ன பேசுவார்கள்? குதிரைதான்!

"ரைடு மோசம் இல்லடா ரெங்கசாமி. உள்பக்கம் வேலியை ஒட்டியே காப்பாத்திக் கொண்டாந்தான் அந்த ஜாக்கி. எண்ணிப் பாத்து ஓட்டின ஓட்டம்!"

"போங்கண்ணே! இன்னும் முன்னாடியே வெளிய எடுத்திருக்கணும். இடிச்சதுனாலதான் தப்பிச்சான் லா!"

"போர்டுல ஒரு மடையன், ஜெயிச்சவனுக்குக் குடுக்கற டிவிடெண்ட் தப்புன்னு எழுதியிருக்கான். ஊரே ஃபேவரிட் மேல கட்டினா மத்தது அள்ளிக் குடுக்காம என்ன செய்யும்? கணக்குத் தெரியாதவனெல்லாம் இன்டர்நெட்டுக்கு வந்துட்டான்!"

குணேஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருஷ வெறுப்பு நாக்கு நுனிக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாள்!

"வெக்கமா இல்ல உங்களுக்கு? ஒரு மனுஷன் செத்துக் கெடக்கறான்... தோத்துப்போன குதிரைக்கு இங்க உக்காந்து பட்டிமன்றமா?"

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"தோத்துப்போன குதிரையா?" என்றார் கனகசபை.

"அக்கா... கோல்டன் பாண்டான் ஜெயிச்சிருச்சே!" என்றான் ரெங்கசாமி.

வாசல்வரை போன இன்ஸ்பெக்டர் நின்றார்.

"என்ன... என்ன ஒளர்றே? மூக்கு வித்தியாசத்துல ரெண்டாவதுன்னு..."

"முதல்ல அப்படித்தான். ஆனா சிட்டி டாக்டர் குறுக்க வந்து இடிச்சிட்டான். புரோட்டெஸ்ட் பண்ணாங்க. ஸ்டீவர்டுங்க, அதான் ரேஸ் நடுவருங்க, விசாரிச்சு, மொத எடத்தை நம்ம குதிரைக்குக் குடுத்துட்டாங்க. பத்து வெள்ளிக்கு நூத்தி அறுபது!"

குணேஸ்வரி சமாளித்தாள்.

"அது அவருக்கு எப்படித் தெரியும்? தோத்துட்டோம்னு நெனச்சு கிழிச்சிருப்பாரு."

கனகசபை மெதுவாக எழுந்தார். அவர் முகத்தில் துக்கம் போய் வேறென்னவோ வந்திருந்தது.

"குணேஸ், சிவசம்பு இருபது வருஷத்துக்கு முன்னாடி ஈப்போல ஒரு தடவை அவசரப்பட்டுக் கிழிச்சான். அப்புறம் இதே மாதிரி புரோட்டெஸ்ட். ஜெயிச்ச டிக்கெட்! ஆயிரம் பேர் கால்ல மிதிபட்டுத் துண்டு பொறுக்கினான். நான் டார்ச் அடிச்சேன். அன்னையிலிருந்து, தோத்த டிக்கெட்டைக்கூட மறுநாள் பேப்பர் பாத்துட்டுத்தான் குப்பையில போடுவான்."

"அவன் மட்டுமில்ல சார்," என்று இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "ரிசல்ட் உறுதின்னு சொல்ற வரைக்கும், மைதானத்துல எரியற சிவப்பு விளக்கு அணையற வரைக்கும், எந்த ரேஸ்காரனும் டிக்கெட்டைக் கிழிக்க மாட்டான். குதிரையைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆளுதான் கிழிப்பான்."

"மனசு வெறுத்துக் கிழிச்சிருக்கலாம்! செத்தவர் மனசுல என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" குணேஸ்வரியின் குரல் உயர்ந்தது.

ரெங்கசாமி தலையைச் சொறிந்தான்.

"சார்... எனக்கு ஒரு சந்தேகம். நேத்தே முழிச்சேன், லைன் கோளாறுன்னு விட்டுட்டேன்."

"சொல்லு."

"ரேடியோவுல புரோட்டெஸ்ட்னு சொன்னதுமே சிவசம்பு அண்ணனுக்குப் போன் அடிச்சேன். டிக்கெட் பத்திரம்னு சொல்ல. எங்க ஆளுங்க எப்பவும் அப்படித்தான், ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிடுவோம். மணி அடிக்குது... அடிக்குது... எடுக்கல. மறுபடியும் அடிச்சேன். என் ஆபீஸ்ல ரெண்டு லைன். ஒண்ணுல கம்ப்யூட்டர். போன் காதுல இருக்கும்போதே, ஸ்க்ரீன்ல அண்ணன் எழுதினது வந்து விழுது!"

"அதனால?"

"இந்த வீட்டுல ஒரே லைன் லா, சார்! அண்ணன் இன்டர்நெட்ல இருந்தா எங்கேஜ்டுதானே வரணும்? எப்படி மணி அடிக்கும்?"



குணேஸ்வரியின் பார்வை தன்னையறியாமல் டெலிபோன் பக்கம் போனது. எத்தனை சனிக்கிழமை அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள்!

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப எழுதினது இந்த வீட்டுல இருந்து இல்ல. அக்கா, இவருக்கு டைப் அடிக்கறது நீங்கதான்னு தெருவுக்கே தெரியும். கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்துல சைபர் கஃபே எத்தனை இருக்கும்? ஒரு ஆளை அனுப்பறேன். ‘நேத்து சேலை கட்டின அக்கா ஒருத்தங்க வந்து குதிரை சைட் பாத்தாங்களா’ன்னு கேப்பான். மறந்திருப்பாங்கன்னு நினைக்கறீங்களா?"

குணேஸ்வரி அப்பா பதித்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டை வித்துருவேன்னாரு... எங்கப்பா வீட்டை! ஒரு குதிரைக் காலுக்கு..."

கனகசபைக்கு இரக்கம் வந்திருக்கலாம். சிநேகிதனைக் கொன்றவள் என்று நினைத்ததும் அது பறந்துவிட்டது.

"ஜெயிச்சா வீட்டை விக்க மாட்டேன்னு எங்கிட்டயும் சொன்னான், குணேஸ். உங்கிட்ட சொல்லலையா?"

சொன்னார்! டிக்கெட்டை ஆட்டி ஆட்டிச் சொன்னார்! அவள்தான் தோத்த மூஞ்சி என்று பழித்தாள்.

"ரெண்டாயிரம் வெள்ளி டிக்கெட். பத்துக்கு நூத்தி அறுபது..." ரெங்கசாமி விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "முப்பத்திரெண்டாயிரம் அக்கா! குதிரைப் பங்குக்கு அது போதும் லா. வீடு தப்பிச்சிருக்கும். அண்ணனும் தப்பிச்சிருப்பாரு!"

குணேஸ்வரி பிளாஸ்டிக் பைக்குள் இருந்த நாலு துண்டுகளைப் பார்த்தாள். நேற்று வராத அழுகை இப்போது வந்தது. சிவசம்புவுக்காக வந்ததா, வீட்டுக்காக வந்ததா, டிக்கெட்டுக்காக வந்ததா... அவளுக்கே தெரியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஜீப் வந்தது. பெண் போலீஸ் கையைப் பிடித்து எழுப்பினாள். பவுனம்மாள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

படியிறங்கும்போது குணேஸ்வரி திரும்பினாள். இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. கனகசபையைப் பார்த்தாள்.

"அண்ணே... எனக்குத் தூக்குதான் போடுவாங்களா?"

கனகசபை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அவசரப்படாதே, குணேஸ். கோர்ட்டுல இன்னும் சிவப்பு விளக்கு எரியுது. அணையற வரைக்கும் டிக்கெட்டைக் கிழிச்சிடாதே!"