நிழல் அளந்த நூல்

கோட்டைக் கோபுரத்தின் அடியிலேயே குடியிருந்தும் ருக்சாந்தா ஒருநாளும் அதில் ஏறியதில்லை. ஊர் வம்பு விசாரிக்கவே அவளுக்குப் பொழுது போதாது. அப்படிப்பட்டவள் அன்று மத்தியானம் ஜெர்மன் சுற்றுலாக்காரர்களோடு டிக்கெட் வரிசையில் நின்றதைப் பார்த்துத் தெருவே வாய் பிளந்தது.

வேறென்ன செய்வாள்? கோபுரத்தின் சரிந்த மூலையைப் பூசி முடித்த நாளிலிருந்து மகள் இலிங்கா காய்ச்சலில் கிடந்தாள். எந்த மாத்திரைக்கும் காய்ச்சல் கேட்கவில்லை.

கார்பாத்திய மலைப்பக்கத்தில் சுவர் நிற்காமல் அடம்பிடித்தால், கொத்தனார்கள் வழியில் போகிறவரின் நிழலை நூலால் அளந்து, அந்த நூலை உள்ளே வைத்துப் பூசிவிடுவார்கள். சுவர் நின்றுவிடும். நிழலுக்குரியவர் நிற்கமாட்டார். அதனால்தான் சாரத்தைக் கடக்கும்போது, "நிழல் பத்திரம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. மூலையைப் பூசிய அன்று ருக்சாந்தா அதைச் சொல்ல மறந்தாள். தபால்காரர் மனைவி யாரோடு போனாள் என்று பக்கத்து வீட்டு சாஃப்தாவைக் குடைந்துகொண்டு, மகளையும் சாரத்தடி வெயிலிலேயே நிறுத்திவைத்திருந்தாள்.

படிக்கட்டின் முதல் வளைவில் கொத்தனார் தொவாதெர் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்.

"யார் நிழல் மேஸ்திரி?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"சுவரு திரும்பத் திரும்ப சரிஞ்சுது அக்கா. நிழலத்தான் பாத்தேன். மொகத்தப் பாக்கல."

"என் பொண்ணு."

கரண்டி அவர் கையிலேயே நின்றது.

"நூல உருவிடலாம். ஆனா சுவரு வெறும் வயித்தோட இருக்காதுக்கா."

"எடத்தக் காட்டுங்க. பெறகு புலம்புங்க."

"மேல, ஜன்னலுக்கு எதிர்ல. வெளிச்சத்துல மட்டும் நின்னுராதீங்க."

உளியை வாங்கிக்கொண்டு ஏறினாள். சுற்றுலாக்காரர்களின் பேச்சு மேலே தேய்ந்து மறைந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்குள் எங்கிருந்தோ, அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை.

புதுப்பூச்சில் காதை வைத்தாள்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

இலிங்காவின் இருமல்.

உளியால் கொத்தினாள். கல்லிடுக்கில் நூல் தெரிந்தது. தொட்டால் காய்ச்சல் உடம்பைப்போலச் சுட்டது. பாதி உருவியபோது மேகம் விலகி, முதுகுப்பக்கத்து ஜன்னலில் வெயில் அடித்தது. அவள் நிழல் எதிர்ச்சுவரில், அந்த ஓட்டையின்மேலேயே விழுந்தது.

நகரலாம். நகர்ந்தால் நூலை விடவேண்டும்.

ருக்சாந்தா நகரவில்லை.

வீடு திரும்பியபோது இலிங்கா அடுப்படியில் நின்று சட்டியோடு சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கோபுரம் ஏறுனியாமே? தெருவே சிரிக்குது. என்னம்மா இருக்கு அங்க?"

"சுண்ணாம்புதான். மெதுவாக் குடிடி, சட்டியையும் முழுங்கிராத."

சாயங்காலம் கோபுரத்தின் நிழல் முற்றத்தில் நீண்டு கிடந்தது. அந்த நிழலின் ஜன்னலில் ஒரு பெண்தலை. தலையில் துணி.

ருக்சாந்தா தன் காலடியைப் பார்த்தாள். வெயில் மட்டும் இருந்தது.

கையைத் தூக்கித் தலைத்துணியை இறுக்கினாள். ஜன்னல் நிழலும் இறுக்கியது.

அவள் கையை இறக்கினாள்.

அது இறக்கவில்லை. விரல்களை மடக்கி மடக்கி, மேலே வா என்று கூப்பிட்டது.