பேக்கரிக்காரரின் கையெழுத்து

டாம்சின் ஆர்ச்சர்ட் படியேறி வந்தபோது டூகல் பிம் கறி பஃப்ஸைப் பாதி கடித்திருந்தார். இருபத்தாறு வருடம் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வாரகுல் ஊரில், கசாப்புக் கடையின் மேல்மாடியில் மெர்ல் ஹாடோவுக்கு உதவியாளர். குடும்பங்கள் தாங்களே நடத்தும் ஓய்வு நிதிகளைத் தணிக்கை செய்வது மெர்லின் தொழில். அங்கே ஒரு குற்றமாவது கிடைக்காதா என்று டூகல் இரண்டு வருடமாகக் காத்திருந்தார்.

"இது எங்கப்பா போட்ட கையெழுத்தே இல்ல" என்று டாம்சின் இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தாள்.

கிளைவ் ஆர்ச்சர்ட் பிப்ரவரியில் இறந்துபோன பேக்கரிக்காரர். கடைக் கட்டிடம் ஓய்வு நிதியின் சொத்து. நிதியில் தன் பங்கு முழுவதும், கட்டிடம் உட்பட, துணைவி ரோஸ்லினுக்கே சேரவேண்டும் என்று அந்த இரண்டு தாள் நியமனப் படிவம் சொன்னது. தேதி 2019 ஜூன் 12. முதல் தாளில் கிளைவின் கையெழுத்து, அதன் கீழே 'இயக்குநர்' என்ற அச்செழுத்து. இரண்டாம் தாளில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. பக்கத்திலேயே அவர்கள் கைப்பட எழுதிய தேதி.

"கடை போனா போகட்டும். அம்மா செத்தது 2020 மார்ச்சுல" என்றாள் டாம்சின். "ரோஸ்லின் அப்போ கல்லாவுல நின்ன பொம்பள. அம்மா புற்றுநோயோட படுத்திருக்கும்போது அப்பா இதை எழுதினாருன்னா... நான் யாரை அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கேன்?"

டூகல் பஃப்ஸைக் கீழே வைத்தார். கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் நடுங்கியிருந்தது. டாம்சின் கொண்டுவந்திருந்த 2018 வாடகை ஒப்பந்தத்திலோ அதே பெயர் உருண்டு திரண்டு நின்றது. "போலி! அந்த ரோஸ்லினோட வேலைதான்!" என்றார்.

"யோவ் போலீஸ்காரரே, விலங்கை எடுத்து உள்ள வையும்" என்ற மெர்ல், டாம்சினிடம் திரும்பினாள். "நிதியை நடத்தினது யாரும்மா?"

"நானும் அப்பாவும். ரெண்டு பேரும் அறங்காவலர்ங்க. 2021-ல ஆலோசகர் நெவில் கிரே ஒரு கம்பெனி தொடங்கி, அது பேருக்கு மாத்திவிட்டாரு."

"அப்பா கடைசியா எழுதினது எதாவது இருக்கா?"

டாம்சின் கைப்பையிலிருந்து ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையை எடுத்தாள். சென்ற டிசம்பரில் கொடுத்தது. மெர்ல் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் தாளில் ஸ்டேப்ளர் பின் குத்திய துளை இரண்டு. இரண்டாம் தாளில் நான்கு.

மறுநாள் மதியம் கடை மூடியதும் பேக்கரியில் டாம்சின், ரோஸ்லின், நெவில், டூகல் நால்வரையும் உட்காரவைத்தாள். ரோஸ்லின் மாவு ஒட்டிய கையை மடியில் மறைத்துக்கொண்டாள். நெவில் கிரே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"இயக்குநர்னு போட்டிருக்கு. 2019-ல கம்பெனியே கிடையாது, எங்கிருந்து வந்தாரு இயக்குநர்?" என்று மெர்ல் நிதானமாக ஆரம்பித்தாள். "ஆக, முதல் தாள் 2021-க்கு அப்புறம் அடிச்சது."

"சொன்னேன்ல, போலின்னு!" என்றார் டூகல்.

"போலி இல்ல. பிறந்தநாள் அட்டையிலயும் இதே நடுக்கம்தான். கிளைவுக்குப் பக்கவாதம் வந்தது போன ஆகஸ்ட்ல. அதுக்கப்புறம் அவரே போட்ட கையெழுத்து இது. ஆனா இரண்டாவது தாளை வேற ஏதோ பத்திரத்துல இருந்து பின்னைப் பிரிச்சு எடுத்திருக்காங்க. அதான் துளை அதிகம். சாட்சிகளோட தேதிக்குப் பொருந்தணுமேன்னு முதல் தாள்ல காலியா இருந்த தேதியில பின்னாடி 2019 போட்டிருக்காங்க. பழைய பத்திரம் யார் அலமாரியில இருக்கும், நெவில்?"

நெவில் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜனவரியில ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு அனுப்பினாரு. நான் மட்டும்தான் போனேன். ரெண்டு சாட்சி வேணும்கிறதை மறந்துட்டேன். திரும்பப் போறதுக்குள்ள ஆள் போயிட்டாரு. பத்திரம் செல்லாமப் போயிடுமேன்னு... உங்கம்மா ஹெஸ்டர் அப்போ உயிரோட இருந்தாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல, டாம்சின். சத்தியமா."

"உங்க அவசரத்துல ஒரு நல்ல மனுஷனுக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டீங்க" என்றாள் மெர்ல். "இதை நீங்களே ஓய்வு நிதிகளைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்கணும். இல்லன்னா நான் எழுதுவேன்."

டாம்சின் ரோஸ்லினையே பார்த்தாள். "எப்போ ஆரம்பிச்சது? உங்களுக்கும் அப்பாவுக்கும்?"

"உங்கம்மா போய் ரெண்டு வருஷம் கழிச்சு" என்றாள் ரோஸ்லின். "உன்கிட்ட சொல்ல அவருக்குப் பயம். தினம் நாளைக்கு நாளைக்கும்பாரு."

"படிவம் செல்லாது. அதனால கட்டிடம் யாருக்குன்னு முடிவு பண்றது இப்போ கம்பெனியில மிச்சமிருக்கிற ஒரே இயக்குநர், நீதான்" என்றாள் மெர்ல். "உனக்கே எடுத்துக்கலாம், வரி கட்டணும். ரோஸ்லின் அவரோட துணைவி, அவங்களுக்குக் கொடுத்தா வரி கிடையாது. எதுன்னாலும் முதல்ல ஒரு வக்கீலைப் பாரு. அவசரமில்ல."

டாம்சின் நெவிலிடம் திரும்பினாள். "அப்பா அன்னிக்கு என்ன சொன்னாரு?"

"பேச்சு வரல. தாள்ல எழுதிக் காட்டினாரு. முதல்ல ரோஸ்லின் பேரு. அப்புறம் உன் பேரு. அதுக்குக் கீழே 'அவகிட்ட சொல்லிடு'ன்னு." நெவில் தலையைக் குனிந்துகொண்டார். "நான் சொல்லல."

டாம்சின் எழுந்தாள். கதவுப் பக்கம் போகப்போகிறாள் என்றுதான் டூகல் நினைத்தார். அவளோ நாற்காலியை இழுத்து ரோஸ்லின் அருகில் போட்டு உட்கார்ந்தாள்.

"வக்கீல்கிட்ட ரெண்டு பேருமா போவோம்" என்றாள். "கடை உங்களோடதுன்னு நானே சொல்றேன்."

ரோஸ்லின் மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள். டூகல் தொப்பியை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மெர்லுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.