மாடசாமி பெயர் இருந்த பக்கம்

புத்தகத்தில் அப்பாவின் பெயர் தவறான பக்கத்தில் இருந்தது.

கூரியரில் வந்த கனமான புத்தகம் அது. அப்பா மாடசாமி இளவயதில் சிப்பாயாக இருந்த பட்டாலியனின் வரலாறு. நெய்வேலி மைன்ஸில் இருந்து ரிட்டயர் ஆன மனிதருக்கு ஒரு பரிசாக இருக்கட்டும் என்று ஹரிணியின் கணவன் சிவக்குமார் எங்கோ விசாரித்து வரவழைத்திருந்தான். அவன் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸின் பின்பக்கம் பலாமரத்துக்கு அப்பா தண்ணீர் விடும் சத்தமும், தூரத்தில் நிலக்கரியை இழுத்துப் போகும் கன்வேயரின் ஓயாத முனகலும் கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டுமே அவளுக்குத் தூக்கத்தில்கூடப் பழகிப்போன சத்தங்கள். இலங்கையின் உள்நாட்டுப் போருக்குப் பட்டாலியன் போய்வந்த அத்தியாயத்தைத் தேடிப் புரட்டினாள். படங்களில் அப்பாவைக் காணவில்லை. கறுப்புக் கட்டம் போட்ட பக்கத்தில் இருந்தார். வீரமரணம் அடைந்தவர்கள். அவருடைய பட்டாள நம்பர், பெயர், சங்கரன்கோவில் பக்கத்துச் சொந்த ஊர். எல்லாம் சரியாக இருந்தது.

ஹரிணி பயப்படவில்லை. சிரித்தாள். அது வீட்டில் எல்லாரும் அறிந்த கதை. அப்பா இறந்துவிட்டதாக ஊருக்குத் தந்தி வந்தது, படத்துக்கு மாலை போட்டார்கள், பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது தோளில் பையோடு அவரே வாசலில் வந்து நின்றார், அவருடைய அம்மா மயங்கி விழுந்தாள். ஹரிணியின் அம்மா பேச்சியம்மாள் உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா திரும்பப் பட்டாளத்துக்குப் போகவில்லை. பென்ஷனும் கேட்கவில்லை. நெய்வேலிக்குக் கிளம்பி வந்து மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, கல்யாணம் செய்து, அவளைப் பெற்றார். பட்டாளத்துக் காகிதத்தில் மட்டும் அவர் செத்தது செத்ததாகவே நின்றுவிட்டது போல. எந்தக் குமாஸ்தாவும் அதைத் திருத்தவில்லை.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

சிப்பாய்கள் எழுதிய டைரிகளில் இருந்து சில தாள்களை அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். இந்தியில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. மூன்றாவது தமிழ். கீழே எழுதியவர் பெயர் இருந்தது: கொளஞ்சிநாதன், குறிஞ்சிப்பாடி. மழையில் நனைந்து காய்ந்த தாளில் பென்சில் எழுத்து.

'இன்னிக்குத்தான் மாடசாமி கெடைச்சான். உப்பங்கழியோரம் சேத்துல ரெண்டு நாளா கெடந்திருக்கான். தூக்கினுபோவ வழியில்ல. பனைமரத்தடியில நானே பொதச்சேன். மண்ணு ஈரமா இருந்திச்சி. வாய்க்குள்ள போவாம இருக்கட்டும்னு துண்ட போட்டு மூடினேன். அப்பவும் அவன் மொகம் மட்டும் தூங்கறவன் மாதிரிதான் இருந்திச்சி.'

அவள் அதை இரண்டாம் முறை படிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார். அவர் சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"இது கொளஞ்சி எழுத்துதான்" என்றார். "அவன் பொய் எழுத மாட்டானே தாயி."

அன்று மாலை அவர் சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். மறுநாளும் இல்லை என்றார். தட்டில் போட்ட இட்லியை, முதல்முதலாக ஒரு பொருளைப் பார்க்கும் குழந்தையைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஹாலில் அவருடைய நாற்காலிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. துடைத்தாள். மீண்டும் ஈரம் வந்தது. சித்திரை வெயிலில், சாம்பல் தூசி படிந்து எல்லாமே காய்ந்து கிடக்கும் ஊரில், அந்த ஒரு இடம் மட்டும் காயவில்லை. அதிலிருந்து ஒரு வாடை எழுந்தது. சாக்கடை இல்லை. செத்த எலி இல்லை. கடலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது உப்பங்கழியைத் தாண்டுகையில் ஜன்னல் வழியாக வரும் சேற்று வாடை. கடல் இங்கிருந்து வெகுதூரம்.

ஷிஃப்ட் முடிந்து வந்த சிவக்குமாரிடம் சொன்னாள். "வயசானவரு, மனசு உடைஞ்சிருக்கும். புத்தகத்த எடுத்து உள்ள வை" என்றான். வைத்தாள். அப்பா அதைக் கேட்கவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்போதோ கேட்ட ஒரு பேச்சை நினைவுபடுத்திக்கொள்ள முயல்பவரைப் போல, உதடு மட்டும் அசையக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போனாள். ப்ரஷர் பார்க்க வந்த நர்ஸ் பெண் பட்டையைச் சுற்றினாள், அழுத்தினாள், முகம் சுளித்தாள். மறுபடி சுற்றினாள்.

"எதுவுமே காட்டலக்கா. நேத்துல இருந்தே இந்த மெஷின் சரியில்ல. உங்க கைய குடுங்க, பாக்கலாம்."

ஹரிணி கையைக் கொடுத்தாள். பட்டை இறுகியது. தளர்ந்தது.

"பாத்தீங்களா? உங்களுக்கும் காட்டல. மெஷின்தான் ரிப்பேர்" என்று அந்தப் பெண் நிம்மதியாகச் சிரித்தாள். ஹரிணியும் சிரித்தாள். அப்பா மட்டும் மகளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணில் அவள் அதுவரை பார்த்திராத ஒரு பரிதாபம் இருந்தது.

"வீட்டுக்குப் போவோம் தாயி" என்றார். டாக்டருக்காகக் காத்திருக்கவில்லை.

குறிஞ்சிப்பாடி அதிக தூரமில்லை. அந்தக் கொளஞ்சிநாதன் இன்னும் இருக்கிறார் என்றால், ஒரு வார்த்தை, நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அப்பாவை நேரில் கூட்டிவந்து நிறுத்தினால் இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டு அழுவார்கள், அப்பா சாப்பிடுவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிரபாவதியிடம் குழந்தையை விட்டுவிட்டு மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டதும் வழி சொன்னார்கள். பட்டாளத்துக்காரர் வூடு என்றால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தறிச் சத்தம் கேட்கும் தெருவைத் தாண்டி, நெல் வயலை ஒட்டிய மாடி வீடு. கொளஞ்சிநாதன் கேட்டுக்கு உள்ளே நின்றார். நெட்டையான, நரைத்த மீசைக்காரர். அவள் தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரைச் சொன்னாள். தாழ்ப்பாளைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது.

"அவன எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "பட்டாளத்த வுட்டு வந்து ரொம்ப வருசம் கழிச்சி ஒருநாளு நெய்வேலி மார்க்கெட்ல பாத்தேன். தோள் மேல ஒரு கொழந்தைய ஒக்கார வச்சிகினு நின்னுகினு இருந்தான். பொம்பளப் புள்ள. பொரி தின்னுகினு இருந்திச்சி."

"அது நான்தாங்க. அப்பவே நீங்க வந்து பேசியிருக்கலாமே?"

"பஸ்ஸேறி ஓடியாந்துட்டம்மா. அதுக்கப்பறம் நெய்வேலி பக்கமே நான் போவல."

"மயக்கத்துல கிடந்தவரை நீங்க தெரியாம புதைச்சிருக்கலாம் இல்லீங்களா? அப்புறம் அவரு எழுந்து..."

"ரெண்டு நாள் தண்ணியில கெடந்த ஒடம்பு." அவர் குரலை உயர்த்தவில்லை. "நண்டு தின்ன ஒடம்பும்மா. கையில தூக்கனவன் நான். எனக்குத் தெரியாதா?"

வயலில் இருந்து காற்று வந்தது. அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்தப் பக்கம் ஓரடி பின்னால் போனார்.

"அப்ப எங்க வீட்ல இருக்கறது யாரு?"

"அவன்தான். மொகம் மறக்குமா? அவனேதான்." அவருடைய கண்கள் அவளுடைய முகத்தில், கழுத்தில், கம்பியைப் பிடித்த விரல்களில் நகர்ந்தன. "பொதச்சவன் எழுந்து வந்தான்னா கூட நான் நம்பிடுவேன். அந்த மண்ணுல நான் என்னென்னமோ பாத்தேன். ஆனா அவனுக்குப் புள்ள பொறந்திச்சி பாரு. அதத்தான் இத்தன வருசமா என்னால நெனச்சிப் பாக்க முடியல." தொண்டையைச் செருமினார். "ஒனக்கு எதனா கொழந்த கிழந்த இருக்குதா?"

அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கேட்டில் அவள் பிடித்திருந்த இடத்தில் கம்பி நனைந்திருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சேலையில் கையைத் துடைத்தாள். வியர்வை, என்று சொல்லிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். ஹரிணி ஜன்னலைத் திறந்தாள். வாடை வெளியிலிருந்து வரவில்லை. கண்ணை மூடி நேற்று என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தாள். முந்தாநாள் என்ன. சமைத்தது நினைவிருந்தது. பரிமாறியது நினைவிருந்தது. சிவக்குமார் தட்டைக் கழுவியது நினைவிருந்தது.

பசி எப்படி இருக்கும் என்பது நினைவில்லை.

டவுன்ஷிப்புக்குள் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. நேரான சாலை, இரண்டு பக்கமும் மரங்கள், ஒரே மாதிரி வீடுகள். விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவர்கள் வீட்டில் எரியவில்லை. பிரபாவதி தன் வீட்டு வாசலில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா எங்கக்கா?"

"உங்க அப்பா இப்பதான் வந்து கூட்டிக்கினு போனாரு. தோள் மேல தூக்கி வச்சிக்கினு போனாரு. பாப்பா சமத்தா போச்சி." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அவரு கையெல்லாம் ஒரே மண்ணு. தோட்ட வேலையா?"

ஹரிணி ஓடினாள். முன்கதவு திறந்திருந்தது. சுவிட்சைப் போட்டாள். ஹால் தரை முழுக்க ஈரம். சிறிய காலடியும் பெரிய காலடியும் பின்பக்கம் போயிருந்தன. போனை எடுத்துச் சிவக்குமாரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மைன்ஸுக்குள் இருப்பான். எடுக்க மாட்டான். எடுத்தாலும் என்ன சொல்வது.

பின்கதவு.

பலாமரத்துக்குக் கீழே மண் குவிந்து கிடந்தது. மண்வெட்டி அதன்மேல் சாய்ந்திருந்தது. குழிக்குள்ளிருந்து தண்ணீர் ஊறும் மெல்லிய சத்தம் வந்தது. இந்த ஊரில் இவ்வளவு மேலே தண்ணீர் இல்லை. சுரங்கத்துக்காக ராட்சத பம்புகளை வைத்து உறிஞ்சிக்கொண்டே இருக்கிற பூமி இது.

அப்பா குழியில் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. இருட்டில் அவருடைய மார்பில் பள்ளங்கள் தெரிந்தன. சின்னச் சின்னதாக. கொத்தித் தின்ற பள்ளங்கள்.

"வந்துட்டியா தாயி."

"அப்பா, மேல வாங்க. ப்ளீஸ். வாங்க."

"எனக்குத் தெரியாது தாயி. சத்தியமாத் தெரியாது." அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் வரவில்லை. கண்ணோரத்தில் கறுப்பாகச் சேறு இறங்கியது. "முழிச்சிப் பாத்தேன். பையி கெடந்துது. எடுத்துக்கிட்டு ஊருக்கு நடந்தேன். யாருமே சொல்லலியே. ஒருத்தராவது சொல்லியிருந்தா கல்யாணம் முடிச்சிருப்பனா? ஒன்னய இப்படி..."

மெதுவாகப் படுத்தார். ஓரமாக. பக்கச்சுவரை ஒட்டி.

"பாப்பா!" என்று கத்தினாள். "பாப்பா!"

குழந்தை மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அழவில்லை. தூக்கக் கலக்கத்தில் பாத்ரூமுக்குப் போவது போல நடந்து வந்தது. ஹரிணி பாய்ந்து பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. பிடித்த இடம் அமுங்கியது. விரல்களுக்கு இடையில் மண் பிதுங்கியது. ஈர மண். விட்டுவிட்டாள்.

குழந்தை குழிக்குள் இறங்கியது. உட்கார்ந்தது. கவுனை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டது. எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டிப் படுத்தது.

"அம்மா" என்றது. வாய் திறந்தபோது உள்ளே நாக்கு இல்லை. மண் இருந்தது.

வீட்டுக்குள் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஹரிணி திரும்பிப் பார்க்கவில்லை. தாத்தாவும் பேத்தியும் கண்களைத் திறந்து மேலே பார்த்தபடி அசையாமல் கிடந்தார்கள். இருவருக்கும் நடுவில், ஊறி ஏறிக்கொண்டிருந்த கறுப்புத் தண்ணீரில், ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.