ஒரு முழங்கால், இரண்டு கட்சி

வீட்டில் ஒரே குழப்பம். எல்லாம் அப்பாவின் வலது முழங்காலால் வந்தது.

அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஏணியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, முழங்கால் பந்துபோல் வீங்கிவிட்டது.

முதல் டாக்டர், "ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்.

இரண்டாவது டாக்டரோ, "எதுக்கு ஆபரேஷன்? பயிற்சி செய்தாலே போதும். அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம்" என்றார்.

அம்மா முதல் டாக்டர் கட்சி. மாமா இரண்டாவது டாக்டர் கட்சி.

"கத்தி வைக்கிறதுன்னா சும்மாவா அக்கா?"

"ஏணியில நிக்கிறப்ப கால் மடங்கினா, நீ வந்து தாங்கிப் பிடிப்பியா?"

அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

பத்து வயது மகளை வீட்டில் எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாண்டுவுக்குத் தலை சுற்றியது. வீங்கியிருப்பது ஒரே முழங்கால்தான். பிறகு ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்? தப்பான வழியில் போனால் அப்பா மறுபடி ஏணி ஏறவே முடியாதே!

கடைசியில் மூன்றாவதாக ஒரு டாக்டரம்மாவைப் பார்ப்பது என்று முடிவானது. முதல் இரண்டு முறையும் துணைக்குப் போனவள் வாண்டுதான். இந்த முறையும் போனாள்.

"படி இறங்கும்போது கால் மடங்குதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சேச்சே! அதெல்லாம் இல்லைங்க."

வாண்டு திடுக்கிட்டாள். நேற்றுகூட மடங்கியதே! அப்பாவின் காதருகே போனாள்.

"அப்பா, முதல் டாக்டர்கிட்ட மடங்குதுன்னு சொன்னீங்க. ரெண்டாவது டாக்டர்கிட்டயும் இவங்ககிட்டயும் ஏன் இல்லைன்னு சொல்றீங்க?"

"ஷ்ஷ்! உண்மையைச் சொன்னதும்தானே அவர் ஆபரேஷன்னு ஆரம்பிச்சார்?"

ஓகோ! டாக்டர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குக் கிடைத்த பதில்தான் வேறு வேறு. வாண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

"பயமா இருந்தா, அதையும் சொல்லிடுங்கப்பா. பல் பிடுங்கப் போனப்ப நான் சொல்லலையா?"

"நீ எங்கே சொன்னே? கத்தி ஊரையே கூட்டினே!"

டாக்டரம்மா எதுவும் காதில் விழாததுபோல் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தலையைச் சொறிந்தார்.

"மடங்குதுங்க. ஆபரேஷன்னா பயமாவும் இருக்குங்க."

"பயம் யாருக்குத்தான் இல்லை?" என்றார் டாக்டரம்மா. பிறகு முழங்காலை மெதுவாக மடக்கியும் நீட்டியும் பார்த்தார். "உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்கும்போல. பயிற்சியிலேயே சரியாகலாம், ஆகாமலும் போகலாம். இப்பவே அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. கொஞ்ச நாள் பயிற்சி செய்து பார்ப்போம். அதுவரைக்கும் ஏணி பக்கமே போகக்கூடாது. அப்பவும் மடங்கினா ஆபரேஷன் பத்திப் பேசுவோம். ஆனா எதையும் மறைக்காம சொல்லணும்."

"அப்படின்னா ஜெயிச்சது அம்மாவா, மாமாவா?" என்று வாண்டு கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி!" என்றார் அப்பா.

குழப்பம் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் வாண்டுவுக்குப் பயம் குறைந்திருந்தது.

வெளியே வந்ததும், மாடிப்படியின் உச்சியில் அப்பா தயங்கினார்.

"வாண்டு, கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?"

"பிடிச்சுக்கோங்கப்பா."

அவள் தோளில் கையை ஊன்றி அப்பா மெல்ல இறங்கினார். கனமாகத்தான் இருந்தது. வாண்டு நிமிர்ந்து நடந்தாள்.