நான்கு மொழித் தாள்

ஸ்கேனரின் மூடியை நன்றாக அழுத்தி மூடிவிட்டுத்தான் ஜூலியஸ் பொத்தானைத் தட்டினான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் திரையில் வந்த படத்தில், வீடியோ கேம் பெட்டியின் இடது ஓரத்தை ஒரு கட்டைவிரல் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் தன் விரலைத்தான் பார்த்தான். அவனுடையது கீபோர்டைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழகாத மெத்தென்ற விரல். படத்தில் இருந்ததோ கறுத்துக் காய்த்த விரல். நகம் நடுவில் பிளந்து, பிளவு அப்படியே மேடாக ஆறிப்போயிருந்தது. மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தான். அதில் ஒன்றுமில்லை. டேட்டாபேஸில் ஏற்றும் படங்களில் விரல் தெரியக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. விரலை வெட்டிவிட்டு மிச்சப் படத்தை ஏற்றினான். தொந்தரவு தருவதை வெட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது அவனுக்குப் புதுப் பழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று. சிங்கப்பூர், பஃபலோ ரோட்டு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி. தேக்கா சந்தையிலிருந்து ஆட்டிறைச்சி வாசமும் மல்லிகை வாசமும் ஒன்றாகக் கலந்து ஜன்னல் வழியே ஏறி வந்தன. துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து பஸ் பிடித்து வந்த கூட்டம் கீழே சிராங்கூன் சாலை முழுக்க நின்று பேசிக்கொண்டிருந்தது. ஆயிரம் பேர் பேச்சு ஒன்பது மாடி ஏறி வரும்போது ஒரு சொல்லும் மிஞ்சாமல் வெறும் இரைச்சலாக ஆகிவிடுகிறது. அறைக்குள் வேறு வாசம். பழைய பிளாஸ்டிக், பூட்டிக் கிடந்த அலமாரி, அதற்கடியில் லேசாகக் கோடாலித் தைலம். இந்த அறைக்குச் சொந்தக்காரரான கோவிந்தராசு இறந்து நான்கு மாதம் ஆகிறது. தைலம் இன்னும் போகவில்லை.

ஒரே கேம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டையில் வெளியாகும். ஜப்பானில் ஓர் அட்டை, ஐரோப்பாவில் இன்னொன்று, ஹாங்காங்கில் வேறு பார்கோடு, சிங்கப்பூரில் வயது வரம்பு ஸ்டிக்கர். இந்த வித்தியாசங்களைத் தேடித் தேடிப் பதிவதற்கென்றே உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களின் டேட்டாபேஸில் ஜூலியஸ் பதினொரு வருடமாக மாடரேட்டர், பதிவுகளைச் சரிபார்ப்பவன். புதிய பதிப்பு ஒன்றை யாராவது கண்டுபிடித்தால் அதை வைத்திருக்கும் இரண்டாவது ஆளும் உறுதி சொல்ல வேண்டும். அப்போதுதான் அதற்கென்று ஒரு பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தின் மேலே, முதலில் கண்டறிந்தவரின் பெயர் நிற்கும். வெளியாட்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அதற்காக ஜூலியஸ் செய்த காரியத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஆறு வருடத்துக்கு முன், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த கோவிந்தராசு, ‘டஸ்க் ஃபெர்ரி’ என்ற கேமின் சிங்கப்பூர்ப் பதிப்பைப் படம் எடுத்துப் போட்டார். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டுத்தாள். வலிப்பு நோய் எச்சரிக்கை, நான்கு மொழிகளில், தமிழிலும். எந்த நாட்டுப் பதிப்பிலும் யாரும் பார்த்திராத தாள் அது. குழுவில் இருந்த ஜப்பான்காரர்களுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அவர்கள் ஜூலியஸைக் கேட்டார்கள். நீ தமிழன்தானே, இது அசலா?

அதே தாள் ஜூலியஸின் பொங்கோல் வீட்டு அலமாரியில் இருந்தது. நல்ல நாள் பார்த்து, நல்ல படமாக எடுத்துத் தானே முதலில் போட வேண்டும் என்று பத்து வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். ‘ஆமாம், என்னிடமும் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அவன் எழுதியது வேறு வரி. ‘வீட்டு பிரிண்டரில் அடித்தது போலிருக்கிறது.’

தமிழன் சொல்லிவிட்டான், அப்புறம் என்ன. கோவிந்தராசுவின் பெயருக்குப் பக்கத்தில் ‘போலி தயாரிப்பவர்’ என்று சிவப்பில் விழுந்தது, கணக்கு மூடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து ஜொகூரில் ஒருவரிடம் இன்னொரு பிரதி இருப்பது தெரிந்ததும் ஜூலியஸ் முந்திக்கொண்டு தன்னுடையதைப் போட்டான், ஜொகூர்க்காரர் உறுதி சொன்னார். பக்கம் திறந்தது, மேலே அவன் பெயர். பழைய சண்டையை யாரும் கிளறவில்லை, கோவிந்தராசு போட்டது மட்டும் போலி என்றே நின்றது. ஒவ்வொரு தவக்காலத்திலும் லூர்து மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவான். கோபம், பொறாமை, பொய் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவான். இந்தப் பொய்யை மட்டும் பெயர் சொல்லிச் சொன்னதில்லை.

போன வாரம் கோவிந்தராசுவின் மகள் வர்ஷா போன் செய்தாள். அப்பா ஒரு பேப்பரில் எழுதி வைத்திருக்கிறாராம். எனக்குப் பிறகு எல்லாவற்றையும் ஜூலியஸ் டேட்டாபேஸில் ஏற்றட்டும் என்று. அவன் அப்பாவின் நண்பன் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவனும் அப்படியே நினைக்கவிட்டான். ‘டஸ்க் ஃபெர்ரி’ இவள் கையில் கிடைப்பதற்கு முன் அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் இன்று பூசைக்குக்கூடப் போகாமல் வந்திருந்தான்.

அடுத்த பெட்டியை வைத்தான். மூடினான். தட்டினான். மெல்லிய முனகலோடு வெளிச்சம் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தது. படம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கியது. இந்த முறை கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலும்.

அதற்கடுத்த பெட்டியில் நான்கு விரல்கள்.

“அங்கிள், தே குடிங்க.”

துள்ளி எழுந்தான். வர்ஷா கையில் குவளையோடு நின்றாள். இருபத்து மூன்று வயது, அப்பாவின் பழைய டீஷர்ட் போட்டிருந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது.

“ஐயோ, அப்பா கை! பாருங்க, நகம். லிஃப்ட் டோர்ல மாட்டி நசுங்கிடுச்சு, நான் பிரைமரி டூ படிக்கிறப்போ.”

“இது… இப்ப எப்படி வருது?”

“பழைய ஸ்கேனா இருக்கும் லா. அப்பா மூடிய மூடவே மாட்டாங்க. கையால பிடிச்சுக்கிட்டேதான் ஸ்கேன் பண்ணுவாங்க. அந்த மெஷின் ரொம்ப பழசு, எதை எதையோ சேவ் பண்ணி வச்சிருக்கும்.”

ஜூலியஸுக்கு மூச்சு வந்தது. பழைய ஸ்கேன். அவ்வளவுதான். பயந்ததை நினைத்துக் கூச்சமாகக்கூட இருந்தது.

“அங்கிள், ‘டஸ்க் ஃபெர்ரி’ கிடைச்சுதா?” என்றாள். “அது ஒண்ணுதான் எனக்கு முக்கியம். அப்பாவ போலின்னு சொல்லிட்டாங்க, தெரியும்ல? யார் சொன்னதுன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லல. அந்தப் பேஜ்ல உங்க பேரோட அப்பா பேரும் வரணும். நீங்க மாடரேட்டர், உங்களால முடியும்.”

“பார்க்கிறேன்மா” என்றான். தேநீர் நாக்கைச் சுட்டது.

“இந்த நாற்காலிலதான் இருந்தாங்க, அங்கிள்” என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். “நெஞ்சு வலின்னு தைலம் தேய்ச்சிருக்காங்க போல. நான் வர்றப்போ சட்டைய இப்படிக் கையால அழுத்திப் பிடிச்சிருந்தாங்க. ஆம்புலன்ஸ்காரங்க விரல ஒவ்வொண்ணா எடுக்க வேண்டியிருந்துச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் கீழ போய் புரோட்டா வாங்கிட்டு வர்றேன். ஃபிஃப்டீன் மினிட்ஸ்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவன் எழுந்து அலமாரியின் மேல் தட்டுக்குப் போனான். தேடவே வேண்டியிருக்கவில்லை. ‘டஸ்க் ஃபெர்ரி’ மட்டும் மற்றப் பெட்டிகளைவிட ஓர் அங்குலம் முன்னே நீட்டிக்கொண்டிருந்தது. திறந்தான். மஞ்சள் தாள் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. திருப்பினான். பின்புறம் பென்சிலில், லிஃப்ட் அறைகளில் குறிப்பு எழுதிப் பழகிய நேர்த்தியான கையெழுத்து.

‘2009 மார்ச். கடையில் இருந்தது இரண்டு. இன்னொன்றை வாங்கியவர் ஜூலியஸ், கடைக்காரர் சொன்னது. அவரே ஒருநாள் சொல்வார்.’

அவன் அங்கேயே நின்றான். காது மடல் வரை சூடேறியது. அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. போலி என்று பெயர் வாங்கிக்கொண்டு, மகளிடம்கூட வாய் திறக்காமல், ஆறு வருடம் காத்திருந்திருக்கிறார். திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருக்கலாம். ‘சொல்வார்’ என்று எழுதியிருந்தார். இப்படி வெட்கப்பட்டதாக அவனுக்கு வாழ்நாளில் நினைவில்லை. அந்த வெட்கத்திலேயே தாளை நான்காக மடித்துத் தன் நீலக் கட்டம் போட்ட சட்டையின் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கீழே இரைச்சல் நின்றுபோனது.

கூட்டம் கலைந்திருக்காது, மணி நாலுகூட ஆகவில்லை. ஆனால் ஒரு குரலும் இல்லை, ஒரு ஹாரனும் இல்லை. தைலத்தின் வாசம் மட்டும், யாரோ இப்போதுதான் குப்பியைத் திறந்ததுபோல், மூக்கில் ஏறியது.

சும்மா நின்றால் பயம் கூடும் என்று வெறும் பெட்டியை ஸ்கேனரில் வைத்தான். மூடினான். மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். வெளிச்சம் நகர்ந்தது. படம் இறங்கியது.

பெட்டி இல்லை. கை மட்டும் இருந்தது. உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவரின் கை.

பழைய ஸ்கேன், பழைய ஸ்கேன் என்று சொல்லிக்கொண்டான். மூடியைத் தூக்கினான். பெட்டி அங்கேதான் இருந்தது. கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்து, உள்ளங்கை அளவுக்கு.

கதவு திறந்தது. புரோட்டாப் பொட்டலத்தின் வாசம். வர்ஷாவின் கண்கள் நேராகப் பெட்டிக்குப் போயின.

“கிடைச்சிருச்சா! அங்கிள், தாள் இருக்கா?”

இப்போது சொல்லிவிடலாம். பைக்குள் கைவிட்டு எடுத்து நீட்டிவிடலாம். நான்தான்மா அது, என்று இரண்டே சொல். அவள் அழுவாள், துரத்துவாள், அவன் பெயர் போகும். போகட்டுமே. வாயைத் திறந்தான்.

“இல்லம்மா” என்றது வாய். “பெட்டி இருக்கு. தாள் இல்ல.”

அவள் முகம் விழுந்ததை அவனால் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தான்.

“அப்ப… உண்மையிலேயே அப்பா போட்டது மட்டும் வீட்ல பிரிண்ட் அடிச்சதா?” என்று மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

அவன் ஸ்கேனரின் மூடியை இறக்கி மூடினான். அதுவே பதிலாகிவிடும் என்று தெரிந்தே மூடினான்.

ஸ்கேனர் முனகியது.

பொத்தானை யாரும் தொடவில்லை. மூடியின் இடுக்கில் வெளிச்சம் கிளம்பி மெதுவாக நகர்ந்தது. திரையில் படம் இறங்கத் தொடங்கியது. முதல் வரி நீலம். அடுத்ததும் நீலம். பிறகு வெள்ளைக் கோடு, மறுபடி நீலம். கட்டம் போட்ட துணி. ஒரு தையல். ஒரு பையின் வாய். அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் மஞ்சள் ஓரம்.

“அங்கிள்” என்றாள் வர்ஷா. “அது உங்க சட்டை.”

படம் இறங்கிக்கொண்டே இருந்தது. துணியின் மேல் விரல் நுனிகள் வந்தன. ஒன்று. இரண்டு. நான்கு. பிறகு கட்டைவிரல், பிளந்த நகம். பையை அழுத்திப் பிடித்திருக்கும் முழுக் கை.

இடது மார்பில் அவனுக்குக் கனம் ஏறியது. குனிந்து பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

குனிந்தான்.

சட்டையின் மேல் எதுவும் இல்லை. துணி மட்டும் ஐந்து இடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது. நான்கு குழி ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். பைக்குள் தாள் நொறுங்கும் சத்தம் கேட்டது. வர்ஷா திரையைப் பார்த்தாள், அவன் நெஞ்சைப் பார்த்தாள், மெல்லக் கை நீட்டினாள்.

“அப்பா?” என்றாள்.

குழிகள் இன்னும் ஆழமாயின.