கிழங்கும் கீரையும் போட்ட சண்டை

கலஹா ஊரில் யசோதினியைத் தெரியாத பிள்ளையே கிடையாது. அப்பாவுக்குக் கண்டி டவுனில் வேலை கிடைத்ததும் அவர்கள் டவுனுக்குப் பக்கத்திலிருக்கும் அம்பிட்டியவுக்குக் குடிவந்தார்கள். இங்கே புதுப் பாடசாலையில் அவளிடம் யாரும் பேசுவதில்லை. சண்டைபோடக்கூட ஆள் இல்லை.

இடைவேளையில் மற்றவர்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யசோதினி மைதானத்து ஓரமாகப் போய், மணி அடிக்கும்வரை மென்றுகொண்டே இருப்பாள். சீக்கிரம் சாப்பிட்டு முடித்தால் அப்புறம் என்ன செய்வது?

ஒருநாள் துஷ்யந்தி டீச்சர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை சுகாதார தினம். ரெண்டு ரெண்டு பேரா சேருங்க. ரெண்டு சாப்பாட்டை எடுத்து, எதுல என்ன சத்து இருக்குன்னு ஒப்பிட்டுப் பேசணும்."

கதிரைகள் கடகடவென்று நகர்ந்தன. சத்தம் அடங்கியபோது யசோதினி மட்டும் தனியாக இருந்தாள்.

"ஒருத்தர் மிஞ்சுறீங்களே! யசோதினி, நீங்க தனியா செய்வீங்களா? மரவள்ளிக்கிழங்கும் கங்குன் கீரையும்."

"சரி டீச்சர்." என்றாள் யசோதினி.

மாலையில் வீட்டிலும் யாரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அவள் அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று குரலைத் தடிப்பாக்கினாள்.

"நான்தான் மரவள்ளிக்கிழங்கு! என்கிட்ட மாச்சத்து மூட்டை மூட்டையா இருக்கு. என்னைச் சாப்பிட்டா மலையே ஏறலாம்!"

உடனே குரலைக் கீச்சென்று மாற்றினாள். "ஏறி என்ன பண்றது? உன்கிட்ட இரும்புச்சத்து கொஞ்சூண்டுதானே! நான் கங்குன். ரத்தத்துக்கு இரும்பு, கண்ணுக்கு விற்றமின் ஏ!"

"போடி! உன்னை ஒரு கட்டு தின்னாலும் உடனே பசிக்கும்!"

அவளுக்கே சிரிப்பு வந்தது. வெறும் வீட்டில் அந்தச் சிரிப்பு தனியாகக் கேட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று வகுப்பில் ருக்கியா என்ற பிள்ளையோடு சேர்ந்து பேசவேண்டிய ரபீகாவுக்குக் காய்ச்சல். இருவரும் வரைந்த படங்களெல்லாம் ரபீகாவின் வீட்டில் இருந்தன.

"பரவாயில்ல ருக்கியா, நீங்க உட்கார்ந்து பாருங்க" என்றார் டீச்சர்.

ருக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று யசோதினிக்குத் தெரியும். ஆனால் கீரையின் அந்தக் கீச்சுக் குரல்தானே தனக்கு நன்றாக வரும்? அதைக் கேட்டால் வகுப்பே ரசித்துச் சிரிக்குமே! அதை விட்டுக்கொடுப்பதா?

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து போனாள்.

"ருக்கியா, நீ கீரையா வர்றியா?"

"எனக்கி ஒண்ணும் தெரியாதே!"

"என்னோட சண்டை போட்டா போதும். இரும்பு, விற்றமின் ஏ. இந்த ரெண்டையும் மறந்துடாத."

இருவரும் முன்னால் போனார்கள். கிழங்கு நெஞ்சை நிமிர்த்திப் பெருமையடித்தது. கீரை, "என்கிட்ட இரும்பு ஈக்கி!" என்றது. ருக்கியாவின் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி'தான். அடுத்தது மறந்துபோய் அவள் திருதிருவென்று விழித்தாள்.

"என்னடி, அதுக்குள்ள வாடிப் போயிட்டியா?" என்றது கிழங்கு. "கண்ணுக்கு நல்லதுன்னு பீத்திக்கிட்டியே, என்ன விற்றமின் அது?"

"ஏ!" என்று ருக்கியா கத்தினாள். "விற்றமின் ஏ! உன்கிட்ட ஈக்கா?"

"கிட்டத்தட்ட... இல்ல."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"ஆனா பசிச்சா எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க!" என்றது கிழங்கு.

"சரி, கடைசியில யார் ஜெயிச்சது?" என்று டீச்சர் கேட்டார்.

"நான்தான்!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

இடைவேளை மணி அடித்தது. யசோதினி சாப்பாட்டுப் பெட்டியை எடுப்பதற்குள் ருக்கியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏய் கிழங்கு, எங்க ஓடுற? சண்ட இன்னும் முடியல்ல."

"முடியலையா? அப்போ திங்கக்கிழமையும் போடலாம்."

"திங்கக்கிழம ரபீகா வருவாளே. அவள என்னவா ஆக்குற?"

யசோதினிக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.

"அவ பருப்பு! நம்ம ரெண்டு பேர்கிட்டயும் புரதம் பத்தாது."