உப்பு தொடாத சமையற்காரி

யூப்ரடீஸ் நதிக்கரையில் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. கீழ்வானில் எழுந்த முழுமதி நீர்ப்பரப்பில் வெள்ளியை உருக்கி ஊற்ற, கரை நெடுகிலும் துருக்கியப் படையின் கூடாரங்கள் பளபளத்தன. ஒரு பக்கம் தணலில் ஆட்டிறைச்சி வேகும் மணம்; மறுபக்கம் வெண்ணெயில் புதினா பொரியும் மணம். வாசகர்களே, பசியோடு இதைப் படிப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்! அந்த மணங்களையெல்லாம் எழுப்பிய நெஸ்லிஷாவுக்கோ பசியே இல்லை. அவள் நெஞ்சில் எரிந்த நெருப்பு வேறு.

மராஷ் மலைநாட்டில் அவள் தந்தை ஆண்ட கோட்டையின் கதவை, அவர் உப்பைத் தின்று வளர்ந்த ஒருவனே பகைவருக்குத் திறந்துவிட்டான். தந்தையும் தமையன்மாரும் வெட்டுண்டு மாண்டார்கள். அப்போது சிறுமியாயிருந்த அவளுக்கு அந்தத் துரோகியின் முகம் நினைவில் இல்லை. அந்தப் பாதகன் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு இந்தப் படையில் தளபதியாகிவிட்டான் என்று கேள்விப்பட்டுத்தான் அவள் இங்கே சமையற்காரியாக வந்து சேர்ந்தாள். தளபதி சுங்கூர் மீது அவளுக்குச் சந்தேகம். அவனோ தன்னைக் கருங்கடற்கரைக்காரன் என்றும், நெத்திலி இல்லாமல் சோறு இறங்காது என்றும் சொல்லித் திரிந்தான். வெறும் சந்தேகத்துக்காக ஓர் உயிரைப் பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை. விடிந்தால் படை பிரிந்து நதியைக் கடந்துவிடும்.

படை புறப்படுவதற்கு முந்தின மாலையில் ஒவ்வொரு தளபதிக்கும் அவரவர் ஊர் உணவைப் பரிமாறுவது இளவரசன் தெமிர்கானின் வழக்கம். ஆந்தெப்புக்காரருக்குப் பிஸ்தாப் பலகாரம், கொன்யாக்காரருக்கு அடுப்பில் வெந்த ஆட்டுத்தொடை, சுங்கூருக்குப் பொரித்த நெத்திலி. எல்லாம் வைத்த பிறகு, நம் வீட்டு வடாம் போல் காய்ந்த தகடுகளையும், அக்ரூட் பருப்பையும், ஒரு கிண்ணம் தண்ணீரையும் நடுவில் வைத்து, "தர்ஹானா" என்றாள் நெஸ்லிஷா.

"தர்ஹானா என்றால் பொடியல்லவா? கரைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். இதென்ன, செருப்புத் தோலா?" என்று கொன்யாத் தளபதி நகைத்தார்.

போர்க்கதை பேசிக்கொண்டிருந்த சுங்கூரின் கை மட்டும் தானாக நீண்டது. ஒரு தகட்டை ஒடித்து, நீரில் நனைத்து, இளகியதும் உள்ளே அக்ரூட்டை வைத்துச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டான். தயிரும் கோதுமையும் கலந்து நாணற்பாயில் பரப்பிக் காயவைக்கும் மராஷ் மக்கள்தாம் அப்படித் தின்பார்கள்.

"கருங்கடற்கரையில் இதை உமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், தளபதியாரே? என் தந்தையின் பந்தியில் கற்றீரோ?" என்றாள் நெஸ்லிஷா.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. முகம் வெளிறியது. ஆனால் சுங்கூர் லேசுப்பட்டவன் அல்லன்.

"இளவரசே! இவள் நம் பாசறையின் உப்பைத் தின்றவள். உப்பிட்ட பந்தியில் கை ஓங்குவது நம் குலத்துக்கு அடுக்குமா?" என்று கூவினான்.

"தின்னவில்லை," என்றான் தெமிர்கான், மெல்ல எழுந்து. "என் கையால் ரொட்டியும் உப்பும் நீட்டினேன், மறுத்துவிட்டாள். என் அன்பைத்தான் வெறுக்கிறாளோ என்று நொந்துபோனேன். உப்பில்லாத வாற்கோதுமை ரொட்டிதான் இவள் உணவு என்பது அடுக்களைக்கே தெரியும்."

சுங்கூரின் வாள் உறையைவிட்டுக் கிளம்பியது. இளவரசனும் வாளில் கை வைத்தான்.

"வேண்டாம் பிரபு! இது என் பழி!" என்றவள், பக்கத்து அடுப்பில் கொதித்த எலும்புச்சாற்றை அகப்பையோடு துரோகியின் முகத்தில் வீசினாள். அவன் அலறிக் கண்ணைப் பொத்திய கணத்தில் அவளுடைய இறைச்சிக் கத்தி அவன் மார்பில் இறங்கியது.

"கதவைத் திறந்தாயே, பாவி! என் தமையன்மாரைப் போல் உன்னையும் வளர்த்தாரே என் தந்தை!" என்று வெடித்து அழுதாள். அதற்குள் அவன் உயிர் பிரிந்திருந்தது.

நதியில் கை கழுவித் திரும்பிய நெஸ்லிஷா, இளவரசன் முன் மண்டியிட்டு ரொட்டியை விண்டாள்.

"உப்பு கொடுங்கள், பிரபு."

அவன் நீட்டிய உள்ளங்கையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"உங்கள் உப்பைத் தின்றுவிட்டேன். என் உயிர் உள்ளவரை உங்கள் கோட்டைக் கதவு பகைவனுக்குத் திறக்காது."